வீட்டிலிருந்து இணையத்தில் புடவை விற்க: முதலில் ஒரு பதிவேடு

இரண்டு வருடத்துக்கு முன், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, எங்களிடம் இருந்த ஒரே ஒரு மயில்கழுத்து நிறப் புடவையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டோம். வாட்ஸ்அப்பில் கேட்ட கோவைக்காரரிடம், "உங்களுக்குத்தான், எடுத்து வைத்துவிட்டேன்" என்று நான் சொன்னேன். அதே அரை மணி நேரத்தில் இன்ஸ்டாகிராமில் கேட்ட சென்னைக்காரரிடம் அக்கா பணமே வாங்கிவிட்டாள். கோவைக்காரரும் பணம் அனுப்பிவிட்டார். பொட்டலம் போடும் சித்தி, ஒரு கையில் புடவையும் இன்னொரு கையில் இரண்டு முகவரிச் சீட்டுமாக வாசற்படியில் வந்து நின்றார்.

யார் முதலில் பணம் போட்டார் என்று பார்த்தோம். சென்னைக்காரர் நான்கு நிமிடம் முன்னால் போட்டிருந்தார். கோவைக்காரரை அழைத்து நடந்ததை அப்படியே சொல்லிப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். "அம்மாகிட்ட வாங்கிட்டேன்னு சொல்லிட்டேனேங்க" என்றார். கோபப்படவில்லை. ஆனால் அப்புறம் அவர் எங்களிடம் வாங்கவே இல்லை.

அன்று இரவு மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். படம் நன்றாக இருந்தது, விலை சரியாக இருந்தது, ஆட்கள் தேடி வந்தார்கள். இல்லாதது ஒன்றுதான்: வாக்குக் கொடுப்பவரும் பொட்டலம் போடுபவரும் சேர்ந்து பார்க்கிற ஒரு தாள். இணைய வியாபாரம் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் லோகோவிலும் பக்கத்தின் பெயரிலும் தொடங்குகிறார்கள். நீங்கள் அந்தத் தாளில் தொடங்குங்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் மதுரையில் ஒரு வீட்டின் முன்னறையிலிருந்து பரமக்குடிப் பக்கத்துக் கைத்தறிப் பருத்திப் புடவைகளை விற்று நாங்கள் கற்றுக்கொண்டவை. நீங்கள் ஊறுகாய் விற்றாலும் பொம்மை விற்றாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

பதிவேடு

கூகுள் ஷீட் போதும், காசு கிடையாது. எல்லோர் கைப்பேசியிலும் ஒரே தாள் திறக்க வேண்டும், அதுதான் முக்கியம். எங்கள் தாளில் இருக்கும் கட்டங்கள் இவை: புடவை எண், நிறம், வாங்கிய விலை, விற்கும் விலை, நிலை, யார் பேசியது, வாங்குபவர் பெயர், ஊர், பணம் வந்த தேதி, அனுப்பிய தேதி, கூரியர் எண், சேர்ந்ததா, எங்கே பார்த்து வந்தார்.

"நிலை" என்ற கட்டத்தில் நான்கே சொற்கள்தான் வரலாம்: இருக்கிறது, பேச்சில், விற்றது, போய்விட்டது. வேறு எதையும் தட்ட முடியாதபடி கீழிறங்கு பட்டியல் (டிராப்டவுன்) போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் "சோல்ட்" என்பார், ஒருவர் "முடிந்தது" என்பார், அடுத்த வாரம் தேடும்போது எதுவும் கிடைக்காது. ஒருவர் புடவை கேட்டவுடன் பேசுகிறவர் முதலில் தாளில் "பேச்சில்" என்று மாற்ற வேண்டும்; பதில் தட்டுவது அதற்கு அப்புறம்தான். "பேச்சில்" என்பதற்கு எங்கள் வீட்டில் ஆயுள் இரண்டு மணி நேரம். அதற்குள் பணம் வராவிட்டால் மறுபடி "இருக்கிறது" ஆகிவிடும். இதைக் கேட்டவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒவ்வொரு புடவைக்கும் ஒரு எண் வேண்டும். தடித்த அட்டையில் எண்ணை எழுதி, நூலில் கோத்து, மடிப்பைச் சுற்றிக் கட்டுங்கள். பின்னும் குண்டூசியும் வேண்டாம். பருத்தியில் துளை விழும், துருவும் ஏறும். படம் எடுக்கும்போது அந்த அட்டை ஓரமாகத் தெரியட்டும். வாங்குபவர் "அந்தப் பச்சை" என்று கேட்காமல் "நாற்பத்தேழு" என்று கேட்பார். பச்சையில் ஆறு பச்சை இருக்கும், நாற்பத்தேழு ஒன்றுதான்.

முதல் இருபது புடவையை இப்படி எண் போட்டுத் தாளில் ஏற்றிய பிறகுதான் இன்ஸ்டாகிராம் பக்கமே திறக்க வேண்டும் என்பேன். ஒரு வாரம் தாமதமாகும், ஆகட்டும்.

யார் என்ன செய்வது

வீட்டு வியாபாரத்தில் எல்லோரும் எல்லாம் செய்வோம். ஆரம்பத்தில் அது வசதிதான், ஆனால் நாளைக்கு ஐந்து பொட்டலம் தாண்டியதும் அதுவே சிக்கலாகிறது. எங்கள் பிரிவினை எளிமையானது. வாங்குபவரிடம் பேசுவது அக்கா மட்டும். சரக்கு, கணக்கு, தறிக்காரர்கள் என் பொறுப்பு. பொட்டலம் சித்தி. படமும் காணொளியும் கல்லூரியில் படிக்கும் தம்பி.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஒரே எண்ணை முதன்மைக் கைப்பேசி தவிர இன்னும் நான்கு சாதனங்களில் இணைக்கலாம். அதனால் எல்லோரும் எல்லா உரையாடலையும் பார்க்க முடியும். ஆனால் பார்ப்பது வேறு, பதில் சொல்வது வேறு. அக்கா ஊரில் இல்லாத நாளில் யார் பதில் சொல்வது என்பதை முதல் நாளே எழுதி வைக்கிறோம். செயலியில் உள்ள லேபிள் வசதியைப் பயன்படுத்துங்கள்: "பணம் வந்தது", "முகவரி வேண்டும்", "திரும்ப அழைக்க" என்று மூன்று போதும். பத்துப் பதினைந்து வைத்தால் ஒருவரும் போட மாட்டார்கள்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: வேலை சம்பந்தமாகக் குரல் பதிவு அனுப்பக் கூடாது. "அந்தக் கும்பகோணம் அம்மாவுக்கு அதை மாற்றி இதை வைத்துவிடு" என்று நாற்பது நொடி பேசி அனுப்புவது சுலபம். சித்தி அதை மூன்று முறை கேட்டு, எந்த அம்மா, எந்த அது என்று மறுபடி அழைத்துக் கேட்பார். எழுத்தில் "47க்குப் பதில் 52, கும்பகோணம்" என்று அனுப்பினால் முடிந்தது.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். பொட்டலம் போடுகிறவருக்கு நிறுத்தும் அதிகாரம் கொடுங்கள். கடைசியாகப் பொருளைத் தொடுவது அவர்தான். கறை, இழை அறுந்தது, நிறம் படத்தோடு ஒட்டவில்லை, எது கண்ணில் பட்டாலும் "இது போகாது" என்று அவர் சொல்லலாம். விற்றவர் அதற்கு எதிர்வாதம் செய்யக் கூடாது. சித்தி முதல் மாதத்தில் ஏழு புடவையை நிறுத்தினார். அதில் இரண்டு பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அனுப்பவில்லை. இப்போது தறிக்காரர் வீட்டிலேயே சித்தியின் கண்ணோடு பார்த்துத்தான் எடுக்கிறேன்.

வீட்டு ஆள்தானே என்று சம்பளம் இல்லாமல் வேலை வாங்காதீர்கள். சிறிய தொகையானாலும் மாதம் பிறந்தால் கொடுத்துவிட வேண்டும். அது கணக்கில் ஏறினால்தான் உங்கள் விலையும் உண்மையான விலையாக இருக்கும்.

காலை பத்து நிமிடம், காபியோடு தாளைத் திறந்து மூன்றே கேள்விகள்: நேற்றுப் பணம் வந்து இன்னும் போகாதது எது? போய்ச் சேராதது எது? இன்று யாருக்கு வேலை அதிகம்? இதைத் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டில் சத்தம் பாதியாகக் குறைந்தது.

சரக்கு எடுப்பது

பரமக்குடி, எமனேசுவரம் தெருக்களில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். பல வீடுகளில் குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை வைத்து மிதித்து நெய்கிறார்கள். கடையில் மொத்தமாக வாங்குவதா, நேராகத் தறிக்காரரிடம் வாங்குவதா என்று புதியவர்கள் கேட்கிறார்கள். முதல் மூன்று மாதம் மொத்தக் கடையில் எடுங்கள், எந்த நிறம் போகிறது என்று கற்றுக்கொள்ள அது நல்ல பள்ளி. அதற்கப்புறம் தறி வீட்டுக்குப் போங்கள். போனால் கையில் பணத்தோடு போங்கள். பொருளை எடுத்துக்கொண்டு "விற்றதும் தருகிறேன்" என்றால் உங்கள் முதலீட்டு ஆபத்தை அவர் தலையில் ஏற்றுகிறீர்கள். நூலுக்கும் சாயத்துக்கும் அவர் ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். ஒரு பாவில் சில புடவைகள்தான் வரும். பாவு தீர்ந்தால் அடுத்த சாயத்தில் அதே நிறம் அச்சு அசலாக வரும் என்று சொல்ல முடியாது. எனவே வாங்குபவரிடம் "இதே மாதிரி இன்னொன்று வரவழைத்துத் தருகிறோம்" என்று சொல்லாதீர்கள். "இதே சாயலில்" என்று சொல்லுங்கள்.

கைத்தறி இல்லாததைக் கைத்தறி என்று விற்கக் கூடாது. விசைத்தறிப் புடவை கேவலமான பொருள் அல்ல. விசைத்தறி என்று சொல்லி விற்றால் அதற்கும் வாங்குபவர் உண்டு. கைத்தறிக்கென்று 2006 முதல் மத்திய அரசின் கைத்தறி முத்திரை இருக்கிறது; பட்டுக்குத் தனியாகச் சில்க் மார்க் இருக்கிறது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்கிற சட்ட உரிமை, கிடைத்தது. மதுரைச் சுங்குடிக்கும் உண்டு. கட்டம் போட்டதெல்லாம் கண்டாங்கி, புள்ளி வைத்ததெல்லாம் சுங்குடி என்று எழுதுவது அந்த ஊர் ஆட்களின் உழைப்பைத் திருடுவதுதான். இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனம் இல்லை.

1935இல் தொடங்கிய தமிழ்நாட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ், புடவையோடு நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையை வைத்து விற்றிருக்கிறது. நீங்களும் செய்யலாம், ஆனால் அனுமதி கேட்டு. ஒரு தறிக்கார அண்ணன் என்னிடம், "கையைப் படம் எடும்மா, மூஞ்சி வேண்டாம்" என்றார். எங்கள் பக்கத்தில் இன்றும் அந்தக் கைகள் மட்டும்தான் இருக்கின்றன.

விலை போடுவது

புதியவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான், அதனால் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு புடவையைத் தறிக்காரரிடம் 950 ரூபாய்க்கு வாங்கி, கூரியர் உட்பட 1,350க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 400 ரூபாய் லாபம் போலத் தெரியும்.

ஊரிலிருந்து கொண்டுவரும் செலவு புடவைக்கு 15. உறை, அட்டை, நாடா 20. கூரியர் 70. இதுவரை 1,055. இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 1,000 ரூபாய் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,180 ஆகும். அதில் 14 புடவை விற்றால் ஒன்றுக்கு 84. இருபதில் ஒன்று திரும்பி வரும் என்று வைத்து, போகவர ஆன செலவைப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏழெட்டு ரூபாய் விழும், பத்து என்றே வைத்துக்கொள்வோம். பொட்டலம் போடுகிறவர், பேசுகிறவர் சம்பளப் பங்கு 40. ஆக 1,189. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் 1,350க்குள் அடங்கிய 5 சதவீத வரி ஏறக்குறைய 64. மொத்தம் 1,253. கையில் நிற்பது 97 ரூபாய்.

97 ரூபாய் மோசமில்லை. ஆனால் 400 என்று நினைத்துக்கொண்டு ஆடியில் 20 சதவீதத் தள்ளுபடி அறிவித்தால் ஒவ்வொரு புடவைக்கும் கைக்காசு போகும். எங்கள் முதல் ஆடி அப்படித்தான் போனது. விற்பனை நன்றாக இருந்தது, எல்லோரும் ஓடியாடி வேலை செய்தோம், மாதக் கடைசியில் பார்த்தால் அடுத்த சரக்கு எடுக்கப் பணம் இல்லை. இப்போது ஆடியில் விலையைக் குறைப்பதில்லை. இரண்டு புடவை எடுத்தால் ஒரு கூரியர் செலவு மிச்சமாகிறது அல்லவா, அதை மட்டும் விட்டுத்தருகிறோம்.

விலையை வெளிப்படையாகப் போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ்" என்பது வாங்க வருபவரைக் கதவுக்கு வெளியே நிற்கவைப்பது. மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் மொத்த விலையைக் காட்டத்தான் சொல்கின்றன.

படமும் எழுத்தும்

காலை எட்டிலிருந்து பத்துக்குள், நேர் வெயில் படாத ஜன்னலோரம் போதும். டியூப்லைட் வெளிச்சத்தில் கிளிப்பச்சை ஒரு நிறம், மயில்கழுத்து ஒரு நிறம் என்று கண்ணுக்குத் தெரிவது கேமராவில் ஒன்றாகிவிடும். புடவைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுங்கள். படத்தில் தாள் மஞ்சளாகத் தெரிந்தால் புடவையின் நிறமும் பொய்தான். ஃபில்டர் போடவே கூடாது.

ஒரு புடவைக்கு ஐந்து படம் எடுக்கிறோம்: மடிப்போடு முழுதாக, முந்தி விரித்து, கரை கிட்டத்தில், ரவிக்கைத் துணி, உள்பக்கம். அப்புறம் முந்திக்குப் பின்னால் கையை வைத்து ஒரு சின்னக் காணொளி. கை எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தாலே துணி எவ்வளவு மெல்லிசு என்று வாங்குபவருக்குப் புரிந்துவிடும். இந்த ஒரு காணொளி எத்தனையோ கேள்விகளைக் குறைத்தது.

எழுதும்போது, "அழகான, நேர்த்தியான, கண்ணைக் கவரும் கலெக்ஷன்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் பதிவு ஒன்றை அப்படியே தருகிறேன்:

"எண் 52. வெங்காயச் சருகு நிற உடல், அரக்குக் கரை. கைத்தறிப் பருத்தி, 80ஆம் நம்பர் நூல். நீளம் ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி தனியாக 80 செ.மீ., அரக்கு நிறத்தில். முதல் அலசலில் சாயம் கொஞ்சம் இறங்கும். கல்லுப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்தவும். கரையோரம் சின்னத் துளைகள் வரிசையாக இருக்கும், தறியில் துணியை விரித்துப் பிடிக்கும் கட்டையின் முள் பட்ட தடம் அது. விலை 1,350, கூரியர் சேர்த்து. ஒன்றுதான் இருக்கிறது."

அந்தத் துளையைப் பற்றிய வரி பின்னால் சேர்த்தது. சேலத்திலிருந்து ஒருவர் அதைப் பெரிதாக்கிப் படமெடுத்து "ஓட்டைப் புடவை அனுப்பியிருக்கிறீர்கள்" என்று எழுதினார். அவர் மீது தப்பில்லை, நாங்கள் சொல்லவில்லை. குறை என்று தோன்றக்கூடிய எதையும் நாமே முதலில் சொல்லிவிட்டால் அது தகவல். அவர் கண்டுபிடித்தால் புகார்.

நிறத்துக்குத் தமிழில் எவ்வளவு சொற்கள்! வாடாமல்லி, கத்தரிப்பூ, பாக்கு, மாந்தளிர், மாம்பழ மஞ்சள், சாம்பல், வெங்காயச் சருகு. "டார்க் பிங்க்" என்று எழுதியபோது வராத நம்பிக்கை "வாடாமல்லி" என்று எழுதியபோது வந்தது. பார்க்காமலே அந்த நிறம் வாங்குபவரின் கண்ணுக்குள் வந்துவிடுகிறது.

ஆட்களைச் சேர்ப்பது

முதல் ஐம்பது பேர் தெரிந்தவர்கள் வழியாக வருவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணை அவர்கள் தங்கள் கைப்பேசியில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் வாங்கியவரிடம், "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதுச் சரக்கு வந்தால் முதலில் உங்களுக்குத் தெரியும்" என்று பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு வைக்கிறோம். கேட்காதவரைக் குழுவில் சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வாரத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் அனுப்புவதில்லை. தினமும் இருபது படம் கொட்டினால் சத்தத்தை அணைத்துவிடுவார்கள், அப்புறம் நல்ல புடவையும் கண்ணில் படாது.

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ்தான் புது ஆட்களைக் கொண்டுவருகிறது. எங்களுக்குப் பலன் தந்தவை பாட்டுப் போட்டுச் சுழலும் படங்கள் அல்ல. புடவையை மடிப்பது, முடிச்சுப் போட்டு முந்திக் குஞ்சம் கட்டுவது, சித்தி ஒரு புடவையை வெளிச்சத்தில் பிடித்து இழை பார்ப்பது, இப்படி வேலை நடக்கும் காட்சிகள்தான். இதற்கென்று தனியாக நடிக்கத் தேவையில்லை. ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 1905இன் சுதேசி இயக்கத்தை நினைவுகூர்ந்து 2015இல் தொடங்கியது, முதல் விழா சென்னையில்தான் நடந்தது. அந்த வாரத்தில் கைத்தறியைப் பற்றிக் கேட்கவும் படிக்கவும் ஆட்கள் இருப்பார்கள். தள்ளுபடி அறிவிப்பதைவிட, பாவு என்றால் என்ன, அதன் குறுக்கே ஓடும் ஊடை என்றால் என்ன என்று காட்டுங்கள்.

காசு கொடுத்து விளம்பரம் செய்வதை மூன்றாவது மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே தானாக நன்றாகப் போன பதிவு எதுவோ அதற்கு மட்டும் நாளைக்கு 200 ரூபாய் வீதம் ஐந்து நாள் போட்டுப் பாருங்கள். பிடிக்காத பதிவைப் பணம் கொடுத்துத் தள்ளினால் பணம்தான் போகும். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தியா முழுவதும் என்று வைக்காமல், நீங்கள் ஏற்கெனவே பொட்டலம் அனுப்பிய இரண்டு மூன்று ஊர்களை மட்டும் வையுங்கள். பதிவேட்டின் கடைசிக் கட்டம், "எங்கே பார்த்து வந்தார்", இங்கே கைகொடுக்கும். லைக் எண்ணிக்கையைப் பார்த்து நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம்: ஆயிரக்கணக்கானோர் பார்த்த ரீல் ஒன்றால் வந்த விற்பனை இரண்டு. முந்திக்குப் பின்னால் கைவைத்த காணொளியைப் பார்த்து வந்தவர்கள் பதினொரு பேர். தாளில் எழுதி வைத்ததால்தான் அது தெரிந்தது.

பணமும் பதிவுகளும்

வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொட்டலம் அனுப்ப வேண்டாம். போலியாகச் செய்வது சுலபம். வங்கிச் செயலியில் தொகையைப் பார்த்த பிறகே தாளில் "விற்றது" என்று மாற்றுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. யாராவது போடச் சொன்னால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிவிடும்.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்போதுதான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் பொதுவாக முதல் விற்பனைக்கே பதிவு தேவை. கைவினைப் பொருட்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. பெங்களூருக்கு ஒரு பொட்டலம் போகும் முன்பே உள்ளூர் ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

பொட்டலம், திரும்பி வருவது

பருத்திப் புடவை, உறை, அட்டை எல்லாம் சேர்த்து எடை போட்டுப் பாருங்கள். 500 கிராமைத் தாண்டினால் கட்டணம் அடுத்த படிக்குப் போகும். எங்கள் அட்டைப் பெட்டியே 90 கிராம் இருந்தது. அதை விட்டுவிட்டு, தண்ணீர் புகாத உறைக்குள் ஒரு மெல்லிய துணிப்பை என்று மாற்றினோம். அந்தப் பையை வாங்கியவர்கள் காய்கறிக்கு எடுத்துப் போகிறார்களாம். கிராமத்து முகவரிகளுக்கு ஸ்பீட் போஸ்ட்தான் எங்களுக்கு நன்றாகப் போய்ச் சேர்கிறது. முகவரியில் பின்கோடு, பக்கத்து அடையாளம், இரண்டாவது கைப்பேசி எண் மூன்றும் இல்லாமல் அனுப்ப வேண்டாம்.

கூரியர் எண்ணை அனுப்பியதோடு வேலை முடியவில்லை. எந்தப் பொட்டலம் நான்கு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது என்று நாமே பார்த்து, வாங்கியவர் கேட்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

திரும்ப அனுப்பும் விதியை இரண்டு வரியில் எழுதிப் பக்கத்தின் மேலே வையுங்கள். எங்களுடையது: பழுது இருந்தால் மூன்று நாளில் ஒரு படம் அனுப்புங்கள், செலவு எங்களுடையது, நிறம் பிடிக்கவில்லை என்றால் மாற்றித்தருவோம், திருப்பி அனுப்பும் கூரியர் செலவு மட்டும் உங்களுடையது. பெட்டி திறக்கும் காணொளி இருந்தால்தான் ஏற்போம் என்று பலர் எழுதுகிறார்கள். வாங்குபவரைத் திருடன் போல நடத்துவதாகத் தோன்றியதால் நாங்கள் அதை வைக்கவில்லை. அதனால் பெரிய இழப்பு எதுவும் வரவில்லை.

ஐப்பசி

கடைசியாக ஒன்று, நாட்காட்டி. தீபாவளி கேட்பு உச்சத்தில் இருக்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் பெரும்பாலும் ஒன்றாக வரும். நூலுக்குக் கஞ்சி போட்டுப் பாவு காய வெயில் வேண்டும். மழை பிடித்தால் பாவு காயாது, குழித்தறியில் ஈரம் ஏறும், வேலை நின்றுவிடும். சென்னையில் குளிர்சாதன அறையில் இருந்து கேட்பவருக்கு இது தெரியாது. "வெள்ளிக்கிழமைக்குள் கண்டிப்பாக" என்று அக்கா வாக்குக் கொடுத்த ஒரு வாரத்தில் பரமக்குடியில் நான்கு நாள் அடைமழை. நான் தறிக்கார அண்ணனை ஒரு நாளைக்கு மூன்று முறை அழைத்தேன். மூன்றாம் நாள் அவர், "ஏம்மா, மழையை நானா கூப்பிட்டேன்?" என்று கேட்டார். அதற்கு அப்புறம் நான் அவரை அவசரப்படுத்தியதில்லை.

இப்போது தீபாவளிச் சரக்கை ஆவணி முடிவதற்குள் எடுத்து எண் போட்டுத் தாளில் ஏற்றிவிடுகிறோம். ஆவணியில் பணம் முடங்குகிறதே என்று தோன்றும்; அதற்காகத்தான் ஆடியில் தள்ளுபடி கொடுக்காமல் பணத்தைக் காப்பாற்றி வைப்பது. ஐப்பசி பிறந்ததும் பக்கத்தின் மேலே ஒரு வரி போடுகிறோம்: "கையில் இருப்பதை மட்டும் விற்கிறோம். நெய்து தரும் ஆர்டர் கார்த்திகை முடிந்த பிறகு." தாளில் "இருக்கிறது" என்று எத்தனை இருக்கிறதோ அத்தனைக்குத்தான் அக்கா வாக்குக் கொடுக்கிறாள். போன வருடம் அது தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னாலேயே தீர்ந்துவிட்டது. சித்தி அன்று மதியம் முதல்முறையாகப் பண்டிகைக்கு முன் தூங்கினார்.